விகாரம் எழுமாறானது என்றால், கூர்ப்பின் போக்கை முன்கூட்டியே சொல்ல முடிவது எப்படி?

இலங்கையின் கிழக்கே, களுவாஞ்சிக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். கூர்ப்பு அலகைத் தொடங்கிய இரண்டாவது வாரம் கேள்விகள் வரும். பிள்ளைகள் ஆண்டுதோறும் புதியவர்கள்; கேள்விகள் மட்டும் அநேகமாக அவையேதான். அவற்றையும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்டவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். இது அந்தக் கொப்பி. நமது பாடநூலில் உள்ள கூர்ப்பு, விகாரம், பரம்பரையலகு ஆகிய சொற்களையே பயன்படுத்துகிறேன். தமிழ்நாட்டு நூல்களில் இவை பரிணாமம், சடுதி மாற்றம், மரபணு என்று இருக்கும். விகாரம் என்பது டி.என்.ஏ.யில் நிகழும் மாற்றம். எழுமாறு என்றால் தற்செயல். பக்கச்சாய்வு என்றால் சில மாற்றங்கள் மற்றவற்றைவிட அடிக்கடி நிகழ்வது.

சேர், விகாரம் எழுமாறாக நிகழ்கிறது என்று படித்தோம். பிறகு அதில் பக்கச்சாய்வு எப்படி வரும்?

சோழி விளையாடியிருக்கிறீர்களா? ஆறு சோழியைக் குலுக்கிப் போட்டால் விழுவது எழுமாறுதான். உங்கள் காய் வெட்டுப்படப் போகிறது, ஆகவே ஐந்து விழ வேண்டும் என்று சோழிக்குத் தெரியாது. ஆனால் சோழி நாணயம் அல்ல. அதன் முதுகு ஒரு மாதிரி, வாய் ஒரு மாதிரி. நிமிர்ந்து விழவும் கவிழ்ந்து விழவும் வாய்ப்புச் சமமில்லை. நெடுநேரம் விளையாடியவருக்கு எந்த எண் அடிக்கடி விழும் என்று கை அறியும்.

விகாரமும் அப்படித்தான். பாடநூல் சொல்லும் எழுமாறு என்பது உயிரியின் தேவையோடு தொடர்பில்லாதது என்ற பொருளில். 1943 இல் லூரியாவும் டெல்புருக்கும் பற்றீரியாவை வைத்துக் காட்டியது அதைத்தான்: வைரசுக்கு எதிரான விகாரங்கள், வைரசைக் காணும் முன்பே, அதைப் பொருட்படுத்தாமல் தோன்றியிருந்தன. எல்லா விகாரங்களும் சம அளவில் நிகழும் என்று அவர்கள் சொல்லவே இல்லை. தேவையை அறியாதது என்பதும் சமவாய்ப்புடையது என்பதும் இரண்டு வேறு கூற்றுகள். நமது வகுப்பறைகளில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழைத்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் படிப்பித்தேன்.

எந்த விகாரங்கள் அதிகம் நிகழ்கின்றன?

டி.என்.ஏ.யில் நான்கு மூலங்கள். எழுத்து என்று நான் சொல்வதும் இவற்றைத்தான். அடினீனும் குவானீனும் பருமனான பியூரின்கள். சைற்றோசீனும் தைமீனும் சிறிய பிரிமிடீன்கள். ஒவ்வொரு மூலமும் மற்ற மூன்றில் ஒன்றாக மாறலாம். அந்த மூன்றில் ஒன்று தன் வகைக்குள், இரண்டு வகை தாண்டி. எல்லாம் சமவாய்ப்பு என்றால் வகை தாண்டும் மாற்றங்கள் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். மனிதரில் எண்ணிப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: வகைக்குள் நிகழ்பவைதான் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதாவது எதிர்பார்த்த விகிதத்துக்கு நான்கு மடங்கு வித்தியாசம்.

சைற்றோசீனுக்கு அடுத்து குவானீன் வரும் இடங்கள் இன்னொரு கதை. முலையூட்டிகளில் அந்தச் சைற்றோசீனில் பெரும்பாலும் ஒரு மெதைல் கூட்டம் ஒட்டியிருக்கும். மெதைலேறிய சைற்றோசீன் தன் அமைன் கூட்டத்தை இழந்தால் தைமீனாகிவிடும். தைமீன் டி.என்.ஏ.க்குச் சொந்தமான மூலம். திருத்தும் நொதியம் அதைக் களவென்று எளிதில் கண்டுபிடிப்பதில்லை. ஆகவே இந்த இடங்களில் விகார வீதம் மற்ற இடங்களைவிடப் பத்து மடங்கு அளவில் அதிகம். இவற்றோடு, ஒரே எழுத்து அல்லது எழுத்துக்கூட்டம் அடுக்கடுக்காக வரும் பகுதிகளில் படியெடுக்கும் நொதியம் வழுக்குவதும், ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பரம்பரையலகுகள் பக்கத்தில் இருந்தால் ஒன்று கழன்றுவிடுவதும் உண்டு. இரண்டாவதை மலேரியாக் கேள்வியில் பார்ப்போம்.

எது பயன் தருகிறதோ அதை இயற்கைத் தேர்வு எடுத்துவிடும். அடிக்கடி தோன்றுவதில் என்ன இருக்கிறது?

கொப்பியில் இருக்கும் கேள்விகளில் இதுதான் சிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெரிய அறிஞர்களும் இப்படித்தான் நினைத்தார்கள்: விகாரம் மூலப்பொருளைக் கொடுக்கும், திசையைத் தேர்வு தீர்மானிக்கும்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போக வீதியோரம் நிற்கிறீர்கள். கடுகதி பஸ் மணித்தியாலத்துக்கு ஒன்று. எல்லா இடத்திலும் நிற்கும் பஸ் கால் மணித்தியாலத்துக்கு ஒன்று. கடுகதிதான் நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பெரும்பாலான நாள்களில் நீங்கள் எதில் ஏறுவீர்கள்? முதலில் வந்ததில். ஏறியபின் கடுகதி பக்கத்தால் முந்திப் போனாலும் அதனால் பயனில்லை.

ஒரு குடித்தொகையில் பயனுள்ள விகாரம் தோன்றினாலும் அது தப்பிப் பிழைப்பது அரிது. 1927 இல் ஹோல்டேன் என்ற உயிரியலாளர் கணித்தபடி, புதிதாகத் தோன்றிய பயனுள்ள விகாரமொன்று நிலைபெறும் நிகழ்தகவு அதன் பயனைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரு வீதம் பயன் தரும் விகாரம் நூறு முறை தோன்றினால் தொண்ணூற்றெட்டு முறை தற்செயலாக அழிந்துபோகும். இப்போது இரண்டை ஒப்பிடுங்கள். முதலாவது விகாரம் 2 வீதம் பயன் தரும். இரண்டாவது 1 வீதம்தான், ஆனால் நான்கு மடங்கு அடிக்கடி தோன்றும். எவ்வளவு அடிக்கடி தோன்றும் என்பதையும் நிலைபெறும் நிகழ்தகவையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டாவது முந்திக்கொள்ளும் வாய்ப்பு இரண்டு மடங்கு. தரத்தில் பாதியான விகாரம் வெல்கிறது. இயற்கைத் தேர்வு எந்த விதியையும் மீறவில்லை.

2001 இல் யாம்போல்ஸ்கியும் ஸ்டோல்ட்ஸ்ஃபஸும் இதைத் தெளிவாக எடுத்துவைத்தார்கள். புதியவை எந்த வீதத்தில் அறிமுகமாகின்றன என்பதே கூர்ப்பைத் திசைப்படுத்தும் என்பது அவர்கள் வாதம். கணக்கு ஹோல்டேன் காலத்திலேயே கையில் இருந்தது. அதன் விளைவை ஆழ்ந்து யோசிக்க எழுபது வருடத்துக்கு மேல் பிடித்தது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

குடித்தொகை மிகப் பெரியதாக இருந்தால்?

அப்போது நீங்கள் வீதியோரத்தில் இல்லை, பஸ் நிலையத்துக்குள் நிற்கிறீர்கள். கடுகதியும் மற்றதும் ஒன்றாகவே நிற்கின்றன. நல்லதைப் பார்த்து ஏறலாம். கோடிக்கணக்கான பற்றீரியா உள்ள குடித்தொகையில் எல்லா ஒற்றை எழுத்து விகாரங்களும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடும். அங்கே சாய்வின் பிடி தளரும்.

இதைப் பரிசோதனையில் காட்டியிருக்கிறார்களா, அல்லது கணக்கு மட்டும்தானா?

காட்டியிருக்கிறார்கள். 2021 இல் வெளியான ஓர் ஆய்வை வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

சூடோமோனாஸ் என்ற மண் பற்றீரியாவில், சவுக்குமுளையை, அதாவது நீந்த உதவும் வால் போன்ற உறுப்பைக் கட்டுவதற்கான தலைமைப் பரம்பரையலகை நீக்கிவிட்டார்கள். பற்றீரியா நகர முடியாமல் இருந்த இடத்திலேயே கிடந்து, சுற்றியுள்ள உணவைத் தின்று முடித்துப் பட்டினி கிடந்தது. சில நாள்களில் நகரக்கூடிய வாரிசுகள் தோன்றின. நைதரசன் கட்டுப்பாட்டில் வேலைசெய்யும் வேறொரு புரதம் அந்த வேலையையும் பொறுப்பெடுத்திருந்தது. இது போதாதென்று, தனித்தனியாக வளர்த்த வரிசைகளில் 95 வீதத்துக்கும் மேலானவை ஒரே பரம்பரையலகில், ஒரே எழுத்தில், ஒரே மாற்றத்தோடு மீண்டன. இவ்வளவு துல்லியத்தைக் கண்டால் யாருக்கும் அதுவே சிறந்த தீர்வு, அதனால்தான் தேர்வாகிறது என்று தோன்றும்.

ஆய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. அந்த இடத்துக்கு அருகில் ஆறு எழுத்துகளை மாற்றினார்கள். அமினோ அமில வரிசை மாறாதபடி, ஊமை மாற்றங்களாகவே பார்த்து மாற்றினார்கள். புரதம் அதே புரதம், பயனும் அதே பயன். ஆனால் அந்த விகாரம் வருவது நின்றுபோனது. வரிசைகள் வேறு வேறு வழிகளைப் பிடித்தன. பிறகு, அந்த இடம் அடிக்கடி விகாரமடையாத, அதே பற்றீரியாவின் இன்னொரு குலத்தை எடுத்து, அதற்குள் அதே ஊமை எழுத்துகளை எழுதினார்கள். அங்கே அந்த விகாரம் திரும்பத் திரும்ப வரத் தொடங்கியது. எதிர்வுகூறலை ஆறு எழுத்தில் உடைக்கவும் கட்டவும் முடிந்தது. ஊமை விகாரத்துக்கு விளைவே இல்லை என்று நாம் எழுதிக்கொடுக்கும் குறிப்பை இதற்குப் பிறகு நான் திருத்திவிட்டேன்.

ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் சான்று உண்டு. ஆண்டிஸ் மலையின் உயரத்தில் வாழும் ரென் குருவியின் ஈமோகுளோபினில் ஒட்சிசன் பிடிக்கும் திறனைக் கூட்டிய மாற்றம், முன்னே சொன்ன சைற்றோசீன்-குவானீன் இடத்தில் நிகழ்ந்தது. மதுவம், ஈ.கோலை, காசநோய்க் கிருமி ஆகிய மூன்றிலும் தகவமைப்பு விகாரங்களைச் சேர்த்து ஆராய்ந்த 2022 ஆம் ஆண்டு ஆய்வில், எது அடிக்கடி விகாரமடைகிறதோ அதுவே தகவமைப்பிலும் அதிகம் இடம்பிடித்திருந்தது.

காசநோய் மருந்து எதிர்ப்பிலும் இப்படியா?

மொத்தமாகப் பார்த்தால் ஆம்: வகைக்குள் நிகழும் மாற்றங்களின் பக்கம் சாய்வு தெரிகிறது. றிபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு எதிராக மிகப் பரவலான விகாரம் சைற்றோசீன் தைமீனாவது, எதிர்பார்த்த கட்சி. ஆனால் ஐசோனியசிட் என்ற இன்னொரு மருந்துக்கு எதிராக மிகப் பரவலானது குவானீன் சைற்றோசீனாவது, வகை தாண்டுவது. அங்கே பயன் சாய்வை வென்றிருக்கிறது. ஒரு மருந்தை மட்டும் கொடுக்காமல் பலவற்றைச் சேர்த்துக் கொடுப்பது ஏன் என்று இதிலிருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு விகாரம் தோன்றுவது எளிது. நான்கு மருந்துக்கும் நான்கு விகாரம் ஒரே கலத்தில் ஒன்றாகத் தோன்றுவது எளிதன்று. மருந்தை இடையில் விடுபவர் அந்தக் கணக்கைக் கிருமிக்குச் சாதகமாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

எல்லா இடத்திலும் ஒரே விகாரம் இருந்தால், அது சாய்வின் வேலை என்று முடிவு செய்யலாமா?

கூடாது. இதற்கு நமது சோற்றுக் கோப்பையே போதும்.

காட்டு நெல்லின் அரிசி சிவப்பு. வெள்ளை அரிசி என்பது அந்த நிறத்தைத் தரும் பரம்பரையலகு பழுதான அரிசி. 2007 ஆம் ஆண்டு ஆய்வொன்றில் பார்த்த வெள்ளையரிசி இனங்களில் ஏறக்குறைய 98 வீதமானவற்றில் பழுது ஒன்றேதான்: பதினான்கு எழுத்துகள் காணாமற்போயிருந்தன. அந்தப் பதினான்கும் நூறு வயல்களில் தனித்தனியாக விழவில்லை. ஒரு முறை விழுந்தது; வெள்ளையை விரும்பிய மனிதர் அதைக் கலப்பின் மூலம் இனத்துக்கு இனம் கொண்டுபோனார்கள். ஒரே விதானையார் நூறு வீட்டுக்கு எழுதிக்கொடுத்த கடிதத்தில் ஒரே எழுத்துப்பிழை இருப்பது போல. பிழை பல முறை தனித்தனியாக நிகழ்ந்ததா, ஒரு முறை நிகழ்ந்து பரவியதா என்று பார்க்காமல் சாய்வைப் பற்றிப் பேசக்கூடாது. சுற்றியுள்ள எழுத்துகளும் ஒன்றுபோல் இருந்தால் மூதாதை ஒன்று. வேறுபட்டால் தனித்தனித் தோற்றம்.

இதில் ஒரு சின்ன வேடிக்கை. புரதக் குறியீடு மும்மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவது. பதினான்கு போனால் வாசிப்பு குழம்பும். அமெரிக்காவில் ஒரு வெள்ளையரிசி இனம் திடீரெனச் சிவப்பாக விளைந்ததை 2008 இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது. ஆராய்ந்தபோது, அதே பரம்பரையலகில் சற்று முன்னே இன்னும் ஓர் எழுத்து விழுந்திருந்தது. பதினான்கும் ஒன்றும் பதினைந்து, மூன்றால் வகுபடும், வாசிப்பு சீரானது. சிவப்பரிசிச் சோற்றை விரும்பி உண்ணும் நமது பக்கத்துக் கமக்காரரிடம் சொன்னால், போனது திரும்பி வந்ததில் என்ன அதிசயம் என்பார்.

எங்கள் அப்பப்பாவுக்கு மலேரியா வந்ததாம். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இலங்கையில் உள்நாட்டு மலேரியாவாகக் கணக்கிடப்பட்ட கடைசி நோயாளி 2012 இல் பதிவானார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்றிதழ் தந்தது. அதற்கு முன் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மலேரியா அடிக்காத குடும்பம் அரிது. உங்கள் அப்பப்பா தனியாள் இல்லை.

மலேரியாவிலிருந்து ஓரளவு காப்புத் தரும் குருதி மாற்றங்கள் உலகில் பல உண்டு. அவற்றில் மிகப் பரவலான ஒன்று அல்பா தலசீமியாவின் இலேசான வகை. ஈமோகுளோபினின் அல்பாச் சங்கிலிக்கு நம்மிடம் ஒரு நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து இரண்டு பரம்பரையலகுகள், ஏறக்குறைய ஒரே வாசகம். விந்தும் முட்டையும் உண்டாகும் ஒடுக்கற்பிரிவில் நிறமூர்த்தங்கள் சோடிசேரும்போது, ஒன்றின் முதலாவது மற்றதன் இரண்டாவதோடு தவறிப் பொருந்தும். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் பூட்டுவது போல. குறுக்குமாற்றம் நிகழ்ந்தால் ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் ஒன்றும் மிஞ்சும். இந்த விபத்து எளிது; ஆகவே மனிதரில் அது பல முறை தனித்தனியாக நிகழ்ந்திருக்கிறது. மலேரியா அடித்த நாடுகளில் தேர்வு அதைப் பெருக்கியது. சாய்வும் தேர்வும் ஒரே பக்கம் இழுத்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் மனிதரில் எனக்குத் தெரியாது.

அரிவாள் கலம் இதற்கு எதிர்க்கட்சி. ஈமோகுளோபினின் மற்றச் சங்கிலியான பீற்றாவில், ஒரே ஆறாம் இடத்தில் இரண்டு விகாரங்கள் மலேரியாவுக்குக் காப்புத் தருகின்றன. ஈமோகுளோபின் சி, வகைக்குள் நிகழும் எளிய மாற்றம். அரிவாள் கலத்தைத் தருவது வகை தாண்டும் மாற்றம். ஆனால் அரிவாள் கலம்தான் மிகப் பரந்த நிலப்பரப்பில் பரவியது.

டெங்குப் புகை அடித்தும் நுளம்பு சாவதில்லையே?

புகையில் பெரும்பாலும் பைரெத்ரோயிட் வகை நஞ்சு. அது நுளம்பின் நரம்பிலுள்ள சோடியம் வாயிலைத் தாக்குகிறது. அந்த வாயிலில் ஒரு சில இடங்களில் நிகழும் விகாரமே எதிர்ப்பைத் தருகிறது. டெங்கு நுளம்பில் 1016 ஆம் இடத்தில் ஆசியாவில் வலீன் என்ற அமினோ அமிலம் கிளைசீனாகிறது: வகை தாண்டும் அரிய மாற்றம், வலுவான எதிர்ப்பு. இலத்தீன் அமெரிக்காவில் அதே இடத்தில் வலீன் ஐசோலியூசீனாகிறது: வகைக்குள் நிகழும் எளிய மாற்றம், தனியே நின்றால் பலவீனம், 1534 ஆம் இடத்து விகாரத்தோடு சேர்ந்தே பலம் பெறுகிறது. ஒரே நுளம்பு, ஒரே நஞ்சு, ஒரே இடம், இரண்டு கண்டத்தில் இரண்டு விடை. எந்த இடம் தாக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்லலாம். எந்த எழுத்து முந்தும் என்பதில் இன்னும் கொஞ்சம் சோழி இருக்கிறது. அதுவரை தேங்காய்ச் சிரட்டையையும் பூச்சாடித் தட்டையும் கவிழ்த்து வையுங்கள். அதற்கு எதிர்ப்பு வராது.

மண்டூரிலிருந்து ஒரு தந்தை: அறக்கொட்டிக்கு அடுத்த போகம் எந்த மருந்து வேலை செய்யாது என்று சொல்வீர்களா?

ஐயா, குருமண்வெளிப் பாதையில் ஏறுமுன் வாவியைப் பார்த்து, இன்று காற்று எப்படி என்று சொல்வீர்களே, அந்த அளவுக்குச் சொல்லலாம். பாதை என்றால் நமக்குத் தெரியும், இயந்திரம் பூட்டிய மிதவை. வெளியூர்க்காரர் தெரு என்று நினைப்பார்.

அறக்கொட்டி எனப்படும் கபிலநிறத் தத்தியில் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிநாசினிக்கு எதிர்ப்பு ஆசிய வயல்களில் பெருகியது. ஆய்வுகூடத்தில் வளர்த்தபோது நஞ்சு ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாற்றம் கிடைத்தது. ஆனால் வயலில் வந்தது முக்கியமாக வேறு வழி: நஞ்சை உடைக்கும் ஒரு நொதியத்தின் பரம்பரையலகு இரட்டித்து, ஒரு படியின் வேலை மாறி, அதிகமாக உற்பத்தியானது. ஆகவே எழுத்தைச் சொல்ல நான் துணியமாட்டேன். ஒரே வகை மருந்தைப் போகத்துக்குப் போகம் அடித்தால் ஏதோ ஒரு வழி திறக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பெயர் வேறு என்று பார்த்து மருந்து மாற்றாதீர்கள். கடைக்காரரிடம் தாக்கும் வகை வேறா என்று கேளுங்கள்.

நமது வாவி மீன்களில் இப்படி ஏதும் நடக்குமா?

வாவி மீனை விட்டு வட நாட்டு மீனைச் சொல்கிறேன். ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு கடல்மீன், பனியுகம் முடிந்தபின் உண்டான நன்னீர் ஏரிகளில் சிக்கி, ஏரிக்கு ஏரி தனியாக வயிற்றுப்புற முள்ளை இழந்தது. முள்ளை வளர்க்கும் பரம்பரையலகு கெடவில்லை; அதை இடுப்பில் இயக்கும் ஆளித்துண்டு மட்டும் அறுந்துவிட்டது. 2019 இல் காரணம் தெரிந்தது: அந்தத் துண்டில் தைமீனும் குவானீனும் மாறி மாறி நீளமாக வருகின்றன, அத்தகைய டி.என்.ஏ. முறுக்கு மாறி எளிதில் முறியும். நைந்த இடத்தில்தானே வலை கிழியும்.

சாய்வு எப்போதும் ஒரே மாதிரியா?

இல்லை. 1988 முதல் லென்ஸ்கி என்ற ஆய்வாளர் பன்னிரண்டு ஈ.கோலைக் குடித்தொகைகளை வளர்க்கத் தொடங்கினார். அவற்றில் சில, திருத்தும் பொறியை இழந்து, விகாரம் மிக அதிகமாக நிகழும் அதிவிகாரிகளாயின. எந்தத் திருத்தும் பொறி கெட்டதோ அதற்கேற்பச் சாய்வும் மாறும். அதிவிகாரிகளில் ஒரு வகையில், அடினீன்-தைமீன் சோடிகள் சைற்றோசீன்-குவானீனாவது மட்டும் பெருகும்.

முக்கியமான பரம்பரையலகுகளில் விகாரம் குறைவாக நிகழ்கிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

2022 இல் அரபிடோப்சிஸ் என்ற சிறு தாவரத்தில் அப்படி ஒரு முடிவு வெளியானது. தரவில் வாசிப்புப் பிழைகள் கலந்திருக்கலாம் என்று பிறர் மறுத்தார்கள். காணொளி முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கும்.

சாய்வு இருக்கிறது என்றால், யாரோ வழிநடத்துகிறார்கள் என்பதா?

இல்லை. சோழிக்கு முதுகு இருப்பது உங்களை வெல்லவைக்க அல்ல.

சேர், இதைப் பரீட்சையில் எழுதலாமா?

விகாரங்கள் எழுமாறானவை என்று எழுதுங்கள். புள்ளித்திட்டம் அதைத்தான் கேட்கும். அதன் முன்னே "உயிரியின் தேவையைப் பொறுத்தவரை" என்று சேருங்கள். புள்ளி குறையாது. ரென் குருவியையும் ஆறு ஊமை எழுத்துகளையும் எழுதத் தொடங்காதீர்கள், கட்டுரை வினாவுக்கு நேரம் போதாது.